ரோபோவின் இன்டரப்டுக்குள் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது

இரண்டு சக்கர ரோபோ ஒன்று மெதுவாக ஓடவிட்டால் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது, வேகத்தைக் கூட்டினால் இடப்பக்கமாக ஒதுங்குகிறது. உடனே சக்கரத்தைச் சந்தேகப்படுவோம், பேட்டரியைச் சந்தேகப்படுவோம், பிஐடி (வேகம் எவ்வளவு தவறுகிறதோ அதற்கேற்ப மோட்டருக்குக் கொடுப்பதைக் கூட்டிக் குறைக்கிற கணக்கு) எண்களைத் திருகித் திருகிப் பார்ப்போம். அதெல்லாம் காரணமாக இருக்கலாம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மெதுவாகப் போகும்போது சரியாக இருந்து வேகத்தில் மட்டும் தப்பாகிறது என்றால், முதலில் திறந்து பார்க்க வேண்டிய இடம் கோடில் இன்டரப்ட் எழுதியிருக்கிற பகுதி. இன்டரப்ட் என்பது, ஓடுகிற வேலையை நடுவில் நிறுத்தி, ஓர் அவசர வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வர வைக்கிற ஏற்பாடு. அங்கேதான் பெரும்பாலானவர்கள் தேவைக்கு மேல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எல்லாருக்கும் பழக்கமான ஆர்டுயினோ ஊனோவையே எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது ஏடிமெகா328பி என்ற 8 பிட் சிப். 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், 2 கிலோபைட் ரேம், ஒரே ஒரு கோர். அதாவது எந்த நொடியிலும் அது ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும். சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று துடிப்புகளாகச் சொல்கிற என்கோடரைக் கவனிப்பதும், மீயொலி சென்சாரின் எதிரொலிக்காகக் காத்திருப்பதும், மோட்டருக்கு எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் போடுவதும் எல்லாம் அந்த ஒற்றைக் கோரில்தான் நடக்க வேண்டும்.

லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடுகிற நம் முக்கியப் பகுதி, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பின்னில் மின்னழுத்தம் மாறுகிறது என்று வையுங்கள். சிப்பின் வன்பொருள் முதலில் செய்வது, அந்த இன்டரப்டுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு ஃப்ளாக் பிட்டை 1 ஆக்குவது. அந்த இன்டரப்டுக்கு அனுமதி இருந்து, மொத்த இன்டரப்டுகளுக்கான ஐ பிட்டும் போட்டிருந்தால், நடந்துகொண்டிருக்கிற ஒற்றை இன்ஸ்ட்ரக்‌ஷனை முடித்துவிட்டு, திரும்பி வரவேண்டிய முகவரியை ஸ்டாக்கில் வைத்துவிட்டு, ஐ பிட்டை அணைத்துவிட்டு, நாம் எழுதிய இன்டரப்ட் ஃபங்ஷனுக்குத் தாவும். இதற்குக் குறைந்தது 4 கிளாக் சைக்கிள், அதாவது கால் மைக்ரோ விநாடி. வன்பொருள் சேமிப்பது முகவரியை மட்டும்தான். சிப் கணக்குப் போடப் பயன்படுத்துகிற ரெஜிஸ்டர்கள் என்ற சிறு இடங்களையும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரையும் எடுத்து வைத்து, திரும்ப வைக்கிற வேலையைக் கம்பைலர் நமக்காக எழுதித் தருகிறது, அதற்குத் தனியாக நேரம் ஆகும். ஆர்டுயினோவின் அட்டாச்இன்டரப்ட் வழியாகப் போனால் இடையில் இன்னொரு ஃபங்ஷன் கால் சேர்வதால் மொத்தம் சில மைக்ரோ விநாடிகள் போய்விடும். வேலை முடிந்து திரும்பும்போது ஐ பிட் மறுபடி போடப்படுகிறது.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் இருத்திக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். ஒன்று, ஒரு இன்டரப்ட் ஃபங்ஷன் ஓடுகிற நேரம் முழுக்க மற்ற எல்லா இன்டரப்டுகளும் வெளியே நிற்கின்றன. இரண்டு, அப்படி வெளியே நிற்கிற ஒவ்வொன்றுக்கும் இருப்பது ஒரே ஒரு பிட். ஒருவர் ஒருமுறை கூப்பிட்டாலும் பத்துமுறை கூப்பிட்டாலும் "மிஸ்டு கால்" என்று மட்டும் காட்டி, எத்தனை தடவை என்று சொல்லாத போன் மாதிரி. நீங்கள் உள்ளே 1 மில்லி விநாடி செலவழித்தால், அந்த நேரத்தில் சக்கரம் மூன்று முறை கூப்பிட்டிருந்தாலும் ஒன்றுதான் பதிவாகும். மற்ற இரண்டும் எங்கேயும் இல்லை, எந்தப் பிழைச் செய்தியும் வராது.

சரி, இதை எண்களில் பார்ப்போம். பலரும் வாங்குகிற வகைக் கியர் மோட்டர் ஒன்று: மோட்டர் தண்டில் சுற்றுக்கு 11 துடிப்பு தருகிற, காந்தத்தை உணரும் ஹால் சென்சார் (இதுதான் என்கோடர்), கியர் விகிதம் 34. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் 374 துடிப்பு, ஒவ்வொரு துடிப்பிலும் ஏற்றம், இறக்கம் இரண்டையும் எண்ணினால் 748. சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் விநாடிக்குச் சுமார் 2,500 எண்ணிக்கை. அதாவது 400 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை ஒரு சக்கரம் கூப்பிடுகிறது. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து விநாடிக்கு 5,000. ஒவ்வொன்றுக்கும் 10 மைக்ரோ விநாடி செலவானால் சிப்பின் மொத்த நேரத்தில் 5 சதவீதம். தாராளமாகத் தாங்கும். இந்த இடத்தில்தான் "இன்டரப்ட் வேகமானது, அதற்குள்ளேயே எல்லாவற்றையும் செய்துவிடலாம்" என்ற எண்ணம் வருகிறது.

ஒவ்வொரு என்கோடரிலிருந்தும் ஏ, பி என்று இரண்டு துடிப்புக் கம்பிகள் வருகின்றன. இடது சக்கரத்தின் ஏ கம்பி 2-ஆம் பின்னில், அதாவது இன்ட்0 என்ற இன்டரப்டில். வலது சக்கரத்தின் ஏ கம்பி 3-ஆம் பின்னில், இன்ட்1. ஏ மாறும்போது பி கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் சக்கரம் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று முடிவு செய்கிறோம். ஏ-க்கும் பி-க்கும் கால் சுழற்சி இடைவெளி இருப்பதால், நம் வேகத்தில் ஏ மாறி 200 மைக்ரோ விநாடி கழித்து பி மாறும். ஆகவே ஏ மாறிய பிறகு பி-யைப் படிக்க நமக்கு இருக்கிற கெடு 400 இல்லை, 200 மைக்ரோ விநாடிதான். இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

இப்போது 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு டைமர் இன்டரப்ட் வைத்து, அதற்குள்ளேயே இரண்டு சக்கரத்துக்கும் பிஐடி கணக்கைப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சிப்பில் தசம எண்களுக்கான வன்பொருள் கிடையாது. ஒரு ஃப்ளோட் வகுத்தலுக்கு நூற்றுக்கணக்கான சைக்கிள் பிடிக்கும். மொத்தக் கணக்கும் முடிய 300 மைக்ரோ விநாடி ஆகிறது என்று கொள்வோம். 400-ஐ விடக் குறைவுதானே, ஒன்றும் தவறாது என்று தோன்றும். எண்ணிக்கை தவறாதுதான். ஆனால் அந்த 300-இன் முதல் 100 மைக்ரோ விநாடிக்குள் ஏ மாறியிருந்தால், நாம் வெளியே வந்து பி-யைப் பார்க்கும்போது பி-யும் மாறி முடிந்திருக்கும். முன்னால் போகிற சக்கரத்தைப் பின்னால் போகிறது என்று படிப்போம். கூட்ட வேண்டிய 1-ஐக் கழிப்போம், பிழை 2.

400-க்கு 100 என்றால் நான்கில் ஒரு தடவை இப்படி நடக்கும். விநாடிக்கு 125 டைமர் இன்டரப்ட், அதில் கால்வாசி, ஒவ்வொன்றிலும் 2 எண்ணிக்கை பிழை: விநாடிக்கு அறுபதுக்குச் சற்று மேல். 2,500-இல் இது இரண்டரை சதவீதம். 5 மீட்டர் போகச் சொன்னால் ரோபோ 12 சென்டிமீட்டருக்கு மேல் தாண்டிப் போய் நிற்கும், தன் கணக்கில் சரியாக 5 மீட்டர்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லும். வேகத்தைப் பாதியாக்கினால் பி மாற 400 மைக்ரோ விநாடி ஆகும், பிழை சுத்தமாகக் காணாமல் போகும். மெதுவாகப் போனால் சரி, வேகமாகப் போனால் தப்பு என்பது இப்படித்தான் பிறக்கிறது.

ஒரு பக்கமாக ஒதுங்குவதற்கு இதற்கு மேல் ஒரு படி வேண்டும். இரண்டு இன்டரப்டுகள் ஒரே நேரத்தில் காத்திருந்தால், பட்டியலில் முன்னால் இருக்கிற இன்ட்0-தான் முதலில் கவனிக்கப்படும், இன்ட்1 அதற்குப் பிறகு. என்கோடர் ஃபங்ஷன்கள் சிறியவையாக இருந்தால் இந்த வரிசை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதற்குள்ளேயே வேகத்தைக் கணக்கிடுகிறேன், சராசரி எடுக்கிறேன் என்று நூறு, நூற்றைம்பது மைக்ரோ விநாடி இழுத்தால், இடது சக்கரம் எப்போதும் முந்திக்கொள்ளும், சுமை ஏற ஏற நஷ்டம் வலது சக்கரத்தின் தலையில் விழும். வலது எண்ணிக்கை குறைகிறது. பிஐடி, வலது சக்கரம் மெதுவாக ஓடுகிறது என்று நம்பி அதற்கு இன்னும் கொஞ்சம் கொடுக்கிறது. உண்மையில் வலது சக்கரம் வேகமாக ஓடுகிறது, ரோபோ இடப்பக்கம் திரும்புகிறது. மோட்டர் நன்றாக இருக்கிறது, பிஐடி நன்றாக இருக்கிறது, அதற்குக் கிடைத்த தகவல்தான் பொய்.

அதனால் இன்டரப்டுக்குள் எதைச் செய்யலாம் என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவுகோல் ஒன்றே ஒன்று: இப்போதே எடுக்காவிட்டால் தொலைந்துபோகிறது எதுவோ, அதை மட்டும் உள்ளே எடு. சக்கரத்தின் ஒரு அசைவு தொலைந்துபோகும், அதனால் எண்ணிக்கை உள்ளே. எதிரொலி வந்த நேரம் தொலைந்துபோகும், அதனால் நேரக் குறிப்பு உள்ளே. வேகம் தொலையாது, எண்ணிக்கை இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கணக்கிடலாம், அது வெளியே. பிஐடியும் வெளியே. டைமர் இன்டரப்ட் செய்ய வேண்டியது "8 மில்லி விநாடி ஆயிற்று" என்று ஒரு மாறியில் குறித்துவைப்பது மட்டும். லூப் அதைப் பார்த்துக் கணக்கைப் போட்டுக்கொள்ளும். கணக்கு ஓடும்போதும் என்கோடர்கள் குறுக்கே வந்து எண்ணிவிட்டுப் போகலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

ஆனால் வேலையை உள்ளே, வெளியே என்று பிரித்ததும் அடுத்த பிரச்சினை வந்து நிற்கிறது. இன்டரப்ட் எழுதுகிற மாறியை லூப் படிக்க வேண்டும். எண்ணிக்கையை லாங் என்று அறிவித்தால் அது 4 பைட். 8 பிட் சிப் அதை ஒவ்வொரு பைட்டாக நான்கு தடவையில்தான் படிக்கும். எண்ணிக்கை 255 என்று இருக்கும்போது கீழ் பைட்டைப் படித்தாயிற்று, 255 கையில் இருக்கிறது. அந்தக் கணத்தில் இன்டரப்ட் வந்து எண்ணிக்கையை 256 ஆக்கிவிட்டுப் போகிறது. திரும்பி வந்து அடுத்த பைட்டைப் படித்தால் அதில் 1. இரண்டையும் சேர்த்தால் 511. எண்ணிக்கை ஒருபோதும் 511 ஆக இருந்ததே இல்லை, ஆனால் லூப்பின் கையில் இருப்பது 511. பூஜ்யத்திலிருந்து -1-க்குப் போகிற இடத்தில் இது இன்னும் மோசம்: கீழ் பைட்டில் 0 படித்து, மேல் மூன்று பைட்டுகளும் புதிதாக வந்தால் கிடைப்பது -256. நின்ற இடத்தில் சக்கரம் லேசாக முன்பின் ஆடும்போது எண்ணிக்கை பூஜ்யத்தைத்தான் திரும்பத் திரும்பத் தாண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இது எவ்வளவு அரிதாக நடக்கும்? நான்கு பைட்டைப் படிக்கிற இடைவெளி அரை மைக்ரோ விநாடிக்கும் குறைவு. விநாடிக்கு 125 தடவை படிக்கிறோம், 256 எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் பைட் எல்லை தாண்டப்படுகிறது. பெருக்கிப் பார்த்தால் முழு வேகத்தில் ஓடுகிற ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேரத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம். மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது வராது. 8 மில்லி விநாடிக்கு 20 எண்ணிக்கை எதிர்பார்க்கிற பிஐடிக்குத் திடீரென்று 275 என்று வந்தால் மோட்டருக்கு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, ரோபோ ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஒன்றும் நடக்காதது போல ஓடும். அப்புறம் கம்பி லூசாக இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்போம். திரும்ப வரவழைக்க முடியாத இந்த வகைப் பிழை கணினித் துறைக்குப் புதிதல்ல. 1950-களின் கடைசியில் எலக்ட்ரோலாஜிகா எக்ஸ்1 கணினிக்கு இன்டரப்ட் கையாளும் புரோகிராமை எழுதிய நெதர்லாந்துக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவை முதலில் கவலைப்பட வைத்ததும் இதுதான். அந்த வேலையையே 1959-இல் அவர் முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார்.

மாறியை அறிவிக்கும்போது வோலட்டைல் என்று போட்டுவிட்டேனே, போதாதா என்று கேட்பார்கள். போதாது. அந்தச் சொல் கம்பைலரிடம் சொல்வது, இந்த மாறியை ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படி, ரெஜிஸ்டரில் வைத்திருக்கிற பழைய நகலை நம்பாதே என்பதை மட்டும்தான். நான்கு பைட்டையும் ஒரே மூச்சில் படி என்று அது சொல்லவில்லை, இந்தச் சிப்பால் அது முடியவும் முடியாது. ஆகவே இன்டரப்டுகளை ஒரு கணம் நிறுத்தி, மாறியை உள்ளூர் நகலுக்கு எடுத்து, மறுபடி திறக்க வேண்டும். திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு "ஆன்" செய்யாமல், முன்பு என்ன நிலையில் இருந்ததோ அதற்கே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்த வேறொரு இடத்திலிருந்து இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அங்கே இருந்த பாதுகாப்பு உடைந்துபோகும். ஏவிஆர் (இந்தச் சிப்பின் குடும்பம்) லிப்சி லைப்ரரியில் இருக்கிற அட்டாமிக் பிளாக் இதைத்தான் செய்கிறது.

எனக்குப் பிடித்த வழி வேறு. 8 மில்லி விநாடியில் ஒரு சக்கரம் 20 எண்ணிக்கைக்கு மேல் போகாது என்று நமக்குத் தெரியும். அப்படியானால் இன்டரப்டுக்குள் வைத்திருக்கிற எண்ணி எதற்கு 4 பைட்? ஒரு பைட் போதும். 255-க்குப் பிறகு 0-க்குச் சுற்றி வந்தாலும் கவலையில்லை. லூப் ஒவ்வொரு முறையும் இப்போதைய மதிப்பிலிருந்து போன தடவை மதிப்பைக் கழித்து, வித்தியாசத்தைக் குறியுள்ள ஒரு பைட்டாக எடுத்துக்கொண்டால் -128 முதல் 127 வரை சரியாக வரும். 127 எண்ணிக்கை சேர 50 மில்லி விநாடி ஆகும், அதற்குள் லூப் ஒருமுறையாவது வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அந்த வித்தியாசத்தை லூப் தனக்கே சொந்தமான லாங் மாறியில் கூட்டிக்கொள்ளட்டும். ஒரு பைட்டைப் படிப்பதை யாராலும் பாதியில் வெட்ட முடியாது. இன்டரப்டை நிறுத்தவும் வேண்டாம், என்கோடர் ஃபங்ஷனும் சுருங்குகிறது.

லூப் 50 மில்லி விநாடிக்குள் வந்தாக வேண்டும் என்றதும் அடுத்து மாட்டிக்கொள்வது மீயொலி சென்சார். எச்சி-எஸ்ஆர்04-இன் டிரிகர் பின்னுக்கு 10 மைக்ரோ விநாடி துடிப்புக் கொடுத்தால் அது 40 கிலோஹெர்ட்ஸில் எட்டு அலையை அனுப்பிவிட்டு, எதிரொலி வரும் வரை எக்கோ பின்னை மேலே வைத்திருக்கும். சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோ விநாடி. 4 மீட்டர் தூரத்தில் சுவர் இருந்தால் 23 மில்லி விநாடி. இணையத்தில் கிடைக்கிற பெரும்பாலான கோடுகள் இதற்கு பல்ஸ்இன் ஃபங்ஷனைப் பயன்படுத்துகின்றன, அது பதில் வரும்வரை அங்கேயே நின்றுவிடும். துடிப்பு வரவே இல்லையென்றால் அதன் இயல்பான காத்திருப்பு ஒரு முழு விநாடி. சென்சார் கம்பி கழன்றுவிட்டால் ரோபோ ஒரு விநாடிக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடும். ஆறரை சென்டிமீட்டர் சக்கரம் என்றால் நம் வேகத்துக்கு அது 68 சென்டிமீட்டர்.

இதற்குச் சரியான கருவி சிப்புக்குள்ளேயே இருக்கிறது, பலர் தொடுவதில்லை: டைமர்1-இன் இன்புட் கேப்சர். எக்கோ கம்பியை 8-ஆம் பின்னில் கொடுத்துவிட்டால், அது மாறுகிற கணத்தில் டைமரில் என்ன எண் ஓடிக்கொண்டிருந்ததோ அதை வன்பொருளே ஒரு ரெஜிஸ்டரில் எழுதி வைத்துவிடும். அதற்குப் பிறகு இன்டரப்ட் ஃபங்ஷன் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, நேரம் ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டது. சாதாரணப் பின் இன்டரப்டில் நேரம் சொல்லும் மைக்ரோஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பார்த்தால், 300 மைக்ரோ விநாடி தாமதம் 5 சென்டிமீட்டர் பிழையாகத் தூரத்தில் ஏறும், இதில் ஏறாது. டைமரை 8-ஆல் வகுத்து ஓடவிட்டால் ஒரு எண் அரை மைக்ரோ விநாடி, 16 பிட்டும் நிரம்ப 32.8 மில்லி விநாடி, 4 மீட்டருக்குத் தேவையான 23 உள்ளே அடங்குகிறது. ஏற்றத்தைப் பிடித்ததும் அடுத்தது இறக்கம் என்று மாற்ற வேண்டும், மாற்றியதும் அந்த ஃப்ளாக்கை அழிக்க வேண்டும். ஏவிஆரில் ஃப்ளாக்கை அழிக்க அதில் 0 அல்ல, 1 எழுத வேண்டும் என்பது புதியவர்கள் தடுக்கி விழுகிற இடம்.

அப்படியானால் டைமர்களை யாருக்கு எது என்று முன்கூட்டியே பங்கிட்டாக வேண்டும். இந்தச் சிப்பில் இருப்பது மூன்றே மூன்று. டைமர்0-ஐ ஆர்டுயினோ மில்லிஸ், மைக்ரோஸ் கணக்குக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது, 1.024 மில்லி விநாடிக்கு ஒருமுறை அது நிரம்பி இன்டரப்ட் தரும். அதன் வேகத்தை மாற்றாமல் 5, 6 பின்களில் மோட்டருக்கான பிடபிள்யூஎம்மை (மின்சாரத்தை வேகமாகப் போட்டுப் போட்டு அணைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் துடிப்பை) அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். டைமர்1 எதிரொலிக்கு. டைமர்2-ஐ 1024-ஆல் வகுத்து, ஒப்பீட்டு மதிப்பை 124 என்று வைத்தால் துல்லியமாக 8 மில்லி விநாடி வரும். 10 என்று முழு எண்ணாக வைக்காமல் 8-ஐ நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான், அந்த 8 பிட் டைமரில் 10 மில்லி விநாடி துல்லியமாக வராது. இந்தப் பங்கீட்டுக்குப் பிறகு சர்வோ லைப்ரரியைச் சேர்த்தால் அது டைமர்1-ஐப் பிடுங்கிக்கொள்ளும், டோன் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் டைமர்2 போய்விடும். ஒரு பஸ்ஸரைச் சேர்த்ததும் ரோபோ தடுமாறுகிறது என்றால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

இன்டரப்டுக்குள் கூப்பிடவே கூடாத சில இருக்கின்றன. டிலே, ஏனென்றால் அது நம்பியிருக்கிற மில்லி விநாடிக் கணக்கு உள்ளே இருக்கும்போது முன்னேறாது. சீரியல் பிரிண்ட், ஏனென்றால் விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு எழுத்து வெளியே போக 1 மில்லி விநாடிக்கு மேல் ஆகும், 64 பைட் பஃபர் நிரம்பிவிட்டால் உள்ளேயே காத்து நிற்கும், இருபது எழுத்துக்கு இருபது மில்லி விநாடி, அந்த நேரத்தில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஐம்பது எண்ணிக்கை போய்விடும். மூன்றாவது, எம்பியு6050 என்ற அசைவு சென்சார் போன்ற, ஐ2சி என்ற இரண்டு கம்பித் தொடர்பில் பேசுகிற சென்சாரைப் படிப்பது. அந்தச் சென்சாரில் "தரவு தயார்" என்று சொல்ல ஒரு இன்டரப்ட் பின் இருப்பதால், அந்த இன்டரப்டுக்குள்ளேயே தரவைப் படிக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஐ2சி-க்கான வயர் லைப்ரரியே தன் வேலையை இன்டரப்ட் மூலம்தான் செய்கிறது. ஐ பிட் அணைந்திருக்கும்போது அது தன் இன்டரப்டுக்காகக் காத்திருக்கும், அந்த இன்டரப்ட் வராது. ரோபோ அப்படியே உறையும், மோட்டர் மட்டும் கடைசியாகச் சொன்ன வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். குறித்துவைத்துவிட்டு வெளியே வந்து லூப்பில் படிப்பதுதான் வழி. 100 கிலோஹெர்ட்ஸில் 14 பைட்டைப் படிக்க ஒன்றரை மில்லி விநாடி ஆகும், 400-இல் அரை மில்லி விநாடிக்கும் குறைவு. லூப்பில் நடந்தால் இது பெரிய விஷயமே இல்லை.

எல்லாச் சென்சாரையும் இன்டரப்டில் போட வேண்டும் என்ற ஆர்வத்தையும் கொஞ்சம் அடக்க வேண்டும். முன்னால் இருக்கிற பம்பர் சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் அதன் உலோகத் தகடுகள் சில மில்லி விநாடிக்குத் துள்ளும், ஒவ்வொரு துள்ளலும் ஒரு இன்டரப்ட். அதே சுவிட்சை 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை லூப்பில் பார்த்தால் துள்ளல் பெரும்பாலும் தானாகவே வடிகட்டப்படும். தாமதம்? நம் வேகத்தில் 8 மில்லி விநாடிக்கு ரோபோ நகர்வது அரை சென்டிமீட்டர் சொச்சம். தரையில் வரைந்த கோட்டைப் பார்க்கிற ஐந்தாறு சென்சார்களும் அப்படித்தான், ஒன்றைப் படிக்க நூறு மைக்ரோ விநாடிக்குச் சற்று மேல், வரிசையாகப் படித்தாலும் போதும்.

தேவையில்லாத ஒரு சென்சார் எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பதற்கு 1969 ஜூலை 20-ஐ விடப் பெரிய சான்று இல்லை. அப்பல்லோ 11-இன் இறங்கு கலம் நிலவை நெருங்கும்போது அதன் கணினி 1202, 1201 என்று எச்சரிக்கை கொடுத்தது. இறங்குவதற்குத் தேவையே இல்லாத சந்திப்பு ரேடாரின் மின்சுற்றுக்கும் கணினியின் இணைப்புச் சுற்றுக்கும் மின் கட்டம் பொருந்தாமல், ஆன்டெனா நகராமலே நகர்வதுபோல் துடிப்புகள் வந்துகொண்டிருந்தன. உச்சத்தில் விநாடிக்கு 12,800. அந்தக் கணினியில் துடிப்பை எண்ணுவதற்கு ஃபங்ஷன் எதுவும் ஓடாது, வன்பொருளே ஒரு மெமரி சுழற்சியைத் திருடி எண்ணிக்கொள்ளும். அந்தச் சுழற்சி 11.7 மைக்ரோ விநாடி. பெருக்கினால் மொத்த நேரத்தில் 15 சதவீதம், யாருக்கும் வேண்டாத எண்ணிக்கைக்காக. அது தப்பித்தது, முன்னுரிமை குறைந்த வேலைகளை உதறிவிட்டு இறங்கும் கணக்கை மட்டும் தொடரும்படி புரோகிராம் எழுதப்பட்டிருந்ததால். நம் ரோபோவிலும் இதன் சிறு வடிவம் உண்டு: இன்டரப்ட் போட்டுவிட்டு எதிலும் இணைக்காமல் அந்தரத்தில் விட்ட பின், மோட்டரின் மின் இரைச்சலை வாங்கிக்கொண்டு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் கூப்பிடும். புல்அப் (பின்னை மேல் நிலையில் இழுத்துப் பிடிக்கிற ரெசிஸ்டர்) போடுங்கள், பயன்படுத்தாத இன்டரப்டை அணைத்து வையுங்கள்.

பெரிய சிப்புக்கு மாறினால் இந்தச் சிக்கலில் பாதி குறையும் என்பது உண்மைதான். எஸ்டிஎம்32 வகையில் டைமர்களுக்கே என்கோடர் முறை இருக்கிறது, எண்ணுவதற்கு ஒரு இன்டரப்டும் வேண்டாம், ஈஎஸ்பி32-இல் துடிப்பு எண்ணி இருக்கிறது, ஆர்பி2040-இல் அந்த வேலையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பிஐஓ என்ற பகுதி. எஸ்டிஎம்32, ஆர்பி2040 போன்றவற்றில் இருக்கிற கார்டெக்ஸ்-எம் கோர்களில் முக்கியமான இன்டரப்ட் முக்கியமற்றதை இடைமறித்து உள்ளே வரலாம், எண் சிறியதாக இருந்தால் முன்னுரிமை அதிகம். 32 பிட் மாறியை ஒரே தடவையில் படித்துவிடும். ஆனால் 64 பிட் மாறியோ, இடதும் வலதும் சேர்ந்த ஒரு ஜோடியோ அங்கேயும் பாதியில் உடையும்.

எந்தச் சிப்பாக இருந்தாலும், இன்டரப்டுக்குள் எவ்வளவு நேரம் போகிறது என்று ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். அளக்க பிரிண்ட் போடுவது உதவாது, அதுவே நேரத்தை மாற்றிவிடும், பிழை ஒளிந்துகொள்ளும். சும்மா இருக்கிற ஒரு பின்னை, ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும் ரெஜிஸ்டர் வழியாக நேரடியாக மேலே தூக்கி, வெளியேறும்போது கீழே விடுங்கள், பின்னின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் லாஜிக் அனலைசரில் அதன் அகலத்தைப் பாருங்கள். பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, பத்து நிமிடம் ஓடவிட்டு அதில் வந்த மிக அகலமான துடிப்பை. அந்த எண், பி கம்பி மாற எடுக்கிற 200 மைக்ரோ விநாடிக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதுதான் உங்கள் கையிருப்பு.

வாட்ச்டாக் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லூப் எங்காவது மாட்டிக்கொண்டால் சிப்பை மறுதொடக்கம் செய்வதற்காக வைக்கிற அந்த டைமரை, வசதியாக இருக்கிறது என்று டைமர் இன்டரப்டுக்குள் இருந்து தட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். லூப் உறைந்தாலும் டைமர் இன்டரப்ட் வந்துகொண்டேதான் இருக்கும், அதனால் வாட்ச்டாக் ஒருபோதும் குரைக்காது. அதை லூப்பில், பிஐடி கணக்கு முடிந்து மோட்டருக்கு மதிப்பு எழுதிய பிறகு மட்டும் தட்டுங்கள். மறுதொடக்கம் ஆகும்போது சிப்பின் எல்லாப் பின்களும் உள்ளீடாக மாறி அந்தரத்தில் நிற்கும், அதனால் மோட்டர் டிரைவரின் பிடபிள்யூஎம் உள்ளீடு ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு வையுங்கள், சிப் திரும்ப எழுந்து தன் பின்களைக் கையில் எடுக்கும் வரை சக்கரம் நின்றே இருக்கும்.